இரத்தினக் கம்பளங்களை இல்லத்திற் பேணுமாறு

1949-ஆம் ஆண்டில், ஸைபீரியாவின் தென்பாலுள்ள ஆல்டாய் மலைநாட்டிற் பசிரிக் என்னும் பள்ளத்தாக்கிலே பண்டைச் சமாதியொன்றை அகழ்ந்த ருடென்கோ என்னும் ருஷிய ஆராய்ச்சியாளர், அதனுட் பனிக்கட்டியில் உறைந்து கிடந்த கம்பளி விரிப்பொன்றைக் கண்டெடுத்தார். அஃது 6 அடி அகலமும் ஏறக்குறைய 6½ அடி நீளமும் உடையது. கையால் முடிச்சிட்டு நெய்யப்பட்டது. கரையிலே மான்களும் குதிரை வீரர்களும் வரிசையாய்ச் செல்லும் சித்திரங்களைக் கொண்டது. அதன் வயது 2,300 ஆண்டுகளுக்குக் குறையாதென்பது அறிஞர் கணிப்பு. இன்று ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து ஹெர்மிடாஜ் காட்சிச்சாலையில் அதனைக் காணலாம். அதன் செந்நிறம் இன்னும் செந்நிறமாகவே இருக்கின்றது.

இச்செய்தியை முதற்கண் கூறுவதற்குக் காரணமுண்டு. கம்பளம் பழையதாகிவிட்டது, ஆகவே கெட்டுவிட்டது என்று நம்மவர் எளிதிற் சொல்லிவிடுகின்றனர். கம்பளி முதுமையால் மாய்வதன்று. மணல், ஈரம், ஒளி, பூச்சி என்னும் நான்கு பகைகளே அதனை மாய்க்கின்றன. சமாதியினுட் பனிக்கட்டி இந்நான்கினையும் ஒருங்கே விலக்கிவிட்டமையால் அவ்விரிப்புப் பிழைத்தது. இந்நான்கினும் கொடிய ஐந்தாம் பகையொன்றும் உண்டு. அது நல்லெண்ணத்தோடு சோப்பும் வாளியும் எடுத்துவரும் வீட்டாரே ஆவர்.

நம் நாட்டுக்குக் கம்பள நெசவு புதியதன்று. அக்பர் காலத்தில் ஆக்ராவிலும் லாகூரிலும் அரசாங்க நெசவுச் சாலைகள் இருந்தன. பழைய சென்னை மாகாணத்திலும் வாலாஜாபேட்டை, எல்லூர் ஆகிய ஊர்கள் கம்பளத்தாற் பெயர் பெற்றிருந்தன. இக்காலத்து நம் வீடுகளுக்கு வருவன பெரும்பாலும் காஷ்மீரத்திலிருந்தும், காசிக்கு அண்மையிலுள்ள பதோஹி, மிர்ஸாபூர் வட்டாரங்களிலிருந்தும் வருவன. சுற்றுலாச் சென்றவர் ஸ்ரீநகரில் வாங்கி வந்தது, வடநாட்டில் உத்தியோகம் பார்த்த தந்தையார் விட்டுச் சென்றது என இவ்வாறாக ஒரு கம்பளம் தமிழ்நாட்டு வீட்டின் கூடத்தில் வந்து படுக்கின்றது. பவானி ஜமக்காளத்தோடு பழகிய நம் கைகள் அதனையும் ஜமக்காளம் போலவே நடத்தத் தொடங்குகின்றன. துவைகல்லும் கொடிக்கயிறும் அதற்குக் காத்திருக்கின்றன. ஜமக்காளம் பருத்தி, அடித்துத் துவைத்தாலும் பொறுக்கும். கம்பளம் பொறாது. ஏன் பொறாது என்பதை அறிந்துகொண்டால், செய்யத்தக்கன இவை, தகாதன இவை என்பது தானே விளங்கும்.

ஆட்டுமயிரை நுண்ணோக்காடியிற் பார்த்தால், அதன்மேல் மீன்செதில் போன்ற ஓடுகள் ஒன்றன்மேலொன்று அடுக்கியிருத்தல் தெரியும். அவையெல்லாம் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். வெந்நீரும் சோப்பும் பட்டு, அதன்மேற் கசக்கலும் சேருமாயின், இவ்வோடுகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொண்டு பின்னோக்கி மீளாவாய் இறுகிவிடும். கம்பளிச் சட்டையை வெந்நீரிலிட்டுக் கசக்கியவர் அது குழந்தைக்குரிய அளவிற்குச் சுருங்கியதைக் கண்டிருப்பர். இறுகிய கம்பளியை முன்னிலைக்குக் கொண்டுவர வழியே இல்லை. மேலும் மயிரின்மீது இயற்கையாகவே சிறிது கொழுப்புப் பற்றியிருக்கும். சிந்திய நீர் உடனே உள்ளே சுவறாமற் சிறிது நேரம் மேலே முத்தாக நிற்பதற்கு அக்கொழுப்பும் அவ்வோடுகளுமே காரணம். சலவைச் சோடா போன்ற காரப் பொருள்கள் அக்கொழுப்பை நீக்கி மயிரை வறண்டு முறியச் செய்யும். வெளுப்புத் திரவமோ மயிரைக் கரைத்தே விடும். ஒரு கம்பளித் துண்டை அத்திரவத்தில் ஊறவைத்துப் பார்க்கும் மாணவர், சில மணி நேரத்தில் துண்டு காணாமற் போவதைக் காண்பர்.

இனி, பொருளின் மதிப்பை ஒருவாறு கணக்கிட்டுப் பார்ப்போம். 6 அடிக்கு 4 அடியுள்ள சிறு கம்பளம் ஒன்று. சதுர அங்குலத்துக்கு 200 முடிச்சுக்கள். மொத்தம் 6,91,200 முடிச்சுக்கள் ஆகின்றன. கைதேர்ந்த நெசவாளி நாளொன்றுக்கு 8,000 முடிச்சுக்கள் இடுவதாகக் கொண்டாலும், ஒருவர் 86 நாள் தறிமுன் அமர வேண்டும். காஷ்மீரத்திலே நெசவாளி சித்திரத்தைக் கண்டு நெய்வதில்லை. தாலிம் எனப்படும் குறியீட்டுச் சீட்டைப் படித்து, எந்நிறத்தில் எத்தனை முடிச்சு என்று கணக்கிட்டுக்கொண்டே நெய்கின்றார். நுண்முடிச்சிடச் சிறு விரல்களே ஏற்றன என்னும் பொய்யைச் சொல்லிக் குழந்தைகளைத் தறியில் இருத்திய கொடுமையும் இத்தொழிலில் இருந்தது. அதனை எதிர்த்துக் கைலாஷ் ஸத்யார்த்தி முதலியோர் செய்த முயற்சியால், குழந்தைகள் நெய்யாத கம்பளங்களுக்கு அடையாள முத்திரையிடும் ஏற்பாடு 1994-இல் தோன்றியது. வாங்குவோர் இதனையும் உசாவி வாங்குதல் நன்று. மூன்று மாத உழைப்பு ஒரு பிற்பகலிற் பாழாகக்கூடும் என்பதே நாம் இங்குச் சொல்லவந்தது.

எதனையும் செய்வதற்கு முன்னர்க் கம்பளத்தைப் புரட்டி அதன் முதுகைப் பாருங்கள். முகத்திற் காணும் சித்திரம் முதுகிலும் முடிச்சு முடிச்சாகத் தெளிவாய்த் தெரிந்தால் அது கையால் முடிச்சிட்டது. முதுகில் துணியொன்று ஒட்டியிருந்தால், அது துப்பாக்கி போன்ற கருவியாற் கம்பளியைத் துணியிற் குத்தி ஏற்றி, பின்புறம் ரப்பர்ப் பால் பூசி ஒட்டியது. இவ்விரண்டாம் வகையையும் கடைக்காரர் கைவேலை என்றே விற்பர். அது முழுப் பொய்யும் அன்று. எனினும் அவ்வகையை நீரில் நனைத்தல் கூடாது. நனைந்தால் ரப்பர்ப் பூச்சுப் பொடிந்துபோம். நெடுநாள் நீங்காத ஒரு தீநாற்றமும் எழும். முகத்து மயிரில் ஓரிழையைக் கத்தரித்துத் தீயிற் காட்டுதலும் பயன் தரும். மயிர் கருகும் நாற்றம் வருமாயின் அது கம்பளியோ பட்டோ ஆகும். காகிதம் எரியும் நாற்றம் வருமாயின் செயற்கைப் பட்டு என்று அறிக. செயற்கைப் பட்டு நனைந்தால் மஞ்சளித்து விறைத்துப்போம். பட்டு, செயற்கைப் பட்டு, ரப்பர்ப் பூச்சு ஆகிய இம்மூன்றும் உள்ளவற்றை வீட்டில் நீரிட்டுக் கழுவ முயலாதிருத்தலே அறிவுடைமை.

நாடோறும் கம்பளத்தைக் கொல்வது மணல். கண்ணுக்குத் தோன்றும் தூசியைப் பற்றி நாம் கவலுகின்றோம், அது மேலே கிடப்பது, தீங்கு சிறிது. கூர்மையான மணற்றுகளோ மயிரினூடே இறங்கி முடிச்சின் அடியிற் சென்று தங்கும். மேலே நடக்குந்தோறும் அது சிறு கத்திபோல் மயிரின் அடியை அறுக்கும். வாயிற்படிக்கு அருகே விரித்த கம்பளம் அந்த இடத்தில் மட்டும் வழுக்கையாவது இதனாலேயே. ஆகலின் வாரம் ஒருமுறையேனும் தூசியை எடுத்தல் வேண்டும். வாக்குவம் கிளீனர் உள்ளவர் அதன் சுழலும் தூரிகையை நிறுத்திவிட்டு, உறிஞ்சும் வாயை மட்டும் பயன்படுத்துக. கையாற் கம்பளத்தைத் தடவிப் பார்த்தால் ஒருபுறம் வழவழப்பாயும் எதிர்ப்புறம் சொரசொரப்பாயும் இருக்கும். வழவழப்பான போக்கிலேயே கருவியைச் செலுத்துக. ஓரத்துக் குஞ்சத்தின்மேற் செலுத்தற்க. குஞ்சம் என்பது அழகுக்குத் தைத்த தொங்கல் அன்று. கம்பளத்தின் பாவுநூலே இருபுறமும் நீண்டு குஞ்சமாகின்றது. அதனைக் கருவி இழுத்து அறுத்தால் முடிச்சுக்கள் வரிசை வரிசையாய் அவிழத் தொடங்கும். கருவி இல்லாதவர் மெல்லிய பூந்துடைப்பத்தால் அதே போக்கிற் பெருக்கலாம்.

ஆண்டுக்கு இருமுறை, அடியிலே தங்கிய மணலை வெளியேற்ற வேண்டும். கம்பளத்தைத் தூய தரையில் முகங்குப்புற விரித்து, முதுகின்மேல் உள்ளங்கையாலோ அகன்ற தட்டுக்கோலாலோ மெல்லத் தட்டுக. பின்னர்த் தூக்கிப் பார்த்தால் தரையிற் கிடக்கும் மணலின் அளவைக் கண்டு வியப்பீர்கள். மணல் உதிர்வது நிற்கும்வரை இதனைத் திரும்பச் செய்க. மதிற்சுவரின்மேற் போட்டு மூங்கிற் கழியால் அடிக்கும் வழக்கம் கைவிடத்தக்கது. அடி விழுமிடத்தில் ஊடைநூல் முறிகின்றது. குளிர்நாடுகளிற் கம்பளத்தை உலர்ந்த பனியின்மேற் குப்புறப் போட்டுத் தட்டி எடுப்பர். பாரசீகத்தாரோ தம் புத்தாண்டாகிய நவ்ரூஸுக்கு முன்னர் வீட்டையெல்லாம் உதறித் துடைப்பதை ஒரு பெருவினையாகச் செய்கின்றனர். அதிற் கம்பளத்தைத் துப்புரவாக்குதலே முதன்மையானது. நமது போகிப்பண்டிகைக்கு அது நெருங்கிய உறவு எனலாம்; எரிப்பதில்லை என்பதே வேற்றுமை.

புதுக்கம்பளம் சில மாதங்கள்வரை பஞ்சுபோல் மயிரை உதிர்க்கும். அது குற்றமன்று, வெட்டுண்ட மயிர்த்துண்டுகள் வெளிவருகின்றன. எங்கேனும் ஓரிழை நீண்டு எழுந்து நின்றால் அதனைப் பிடித்து இழுக்காமற் கத்தரியால் மட்டமாக வெட்டிவிடுக.

ஒளியைப் பற்றிச் சிறிது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் ஆர்டபீல் கம்பளம் என்னும் உலகப் புகழ்பெற்ற விரிப்பு ஒன்று உள்ளது. 1539-40-இல் பாரசீகத்தில் நெய்து முடிக்கப்பெற்ற அதனை, 1893-இல் 2,000 பவுன் கொடுத்து அச்சாலையார் வாங்கினர். 2½ கோடி முடிச்சுக்களுக்கு மேற்பட்ட அதனை எந்நேரமும் வெளிச்சத்தில் வைப்பதில்லை. அரைமணிக்கு ஒருமுறை பத்து நிமிஷமே விளக்கேற்றிக் காட்டுகின்றனர். நிறம் மங்குவதைத் தடுக்க இத்தனை கட்டுப்பாடு. நாம் நம் கம்பளத்தை மேற்குச் சன்னலின்கீழ் விரித்துவிட்டு, ஒரு பாதி வெளுத்துவிட்டதே என்று நெசவாளியை நொந்துகொள்கின்றோம்! திரைச்சீலையிட்டு, ஆறு மாதத்துக்கொருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுவதே போதியது. நடையால் தேய்வதும் அவ்வாறே எங்கும் ஒத்துப் பரவும்.

இனிக் கறைகள். சிந்தியதை உடனே ஒற்றியெடுத்தலே முதல் விதியும் முடிவான விதியும் ஆகும். வெள்ளைப் பருத்தித் துணியை மடித்து அழுத்தி, ஈரம் ஏறியவுடன் மறு மடிப்பை மாற்றி, கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒற்றுக. தேய்த்தால் கறை பரவும், மயிரும் முறுக்கவிழும். பின்னர்க் குளிர்ந்த நீரிற் சிறிது தோய்ந்த துணியால் ஒற்றி, மீண்டும் உலர்ந்த துணியால் ஒற்றுக. காப்பிக்கும் தேநீருக்கும் நீரிற் கலந்த வெள்ளைக் காடியை, அஃதாவது ஒரு பங்கு காடிக்கு இரு பங்கு நீரைப் பயன்படுத்தலாம். சாயம் நிலையானதா என்று மூலையிற் பார்த்த பின்னரே அதனையும் இடுக. எண்ணெய் சிந்தினால் நீரை அணுகவொட்டாமல், அதன்மேல் மக்காச்சோள மாவைத் தூவி ஓரிரவு விட்டு மறுநாட் பெருக்குக. மெழுகு உருகி விழுந்தால், பனிக்கட்டியைப் பையிலிட்டு அதன்மேல் வைத்து, இறுகிய பின் நகத்தால் உதிர்க்க.

நம் சமையலறைக்கே உரிய கறையொன்றுண்டு. மேல்நாட்டு நூல்கள் அதனைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சாம்பாரின் மஞ்சள் வெறும் அழுக்கன்று, அது சாயம். கம்பளிக்கு நிறமூட்டப் பண்டுதொட்டே மஞ்சளைப் பயன்படுத்தி வந்திருக்கின்றனர். அதன்மேற் சோப்பை இட்டவுடன், காரம் பட்டு மஞ்சள் இரத்தச் சிவப்பாக மாறும். வீட்டார் அஞ்சி இன்னும் தேய்ப்பர். மஞ்சட்கறையிற் காரச் சோப்பு இடுதல் கூடவே கூடாது. பருப்பையும் எண்ணெயையும் முன்சொன்னவாறு நீக்கிக் குளிர்நீரால் ஒற்றியபின், எஞ்சிய மஞ்சளைக் காலை வெயிலிற் சிலபோது காட்டுக. மஞ்சள் வெயிலுக்கு நில்லாத சாயம். கம்பளத்தின் ஏனைய நிறங்கள் மங்குமுன்னரே அது மங்கிவிடும். கறையுள்ள இடத்தை மட்டும் வெயிலில் விட்டு மற்றவற்றை வெள்ளைத் துணியால் மூடுதல் நலம். குழந்தையோ வளர்ப்பு நாயோ சிறுநீர் கழித்த இடத்தையும் பொழுது தாழ்த்தாமற் கவனிக்க வேண்டும். நாட்பட்டால் அதில் அம்மோனியா தோன்றிக் காரமாகிச் சாயத்தையே பெயர்க்கும்.

முழுக்கக் கழுவுவதைப் பற்றி நம் கருத்து இது: சிறியதும், உறுதியானதும், பட்டுக் கலவாததும், சாயம் போகாததும் ஆகிய கம்பளத்தை மட்டுமே வீட்டிற் கழுவலாம். பழமையும் அருமையும் உடையதை அத்தொழில் அறிந்தவரிடமே விடுக. சாயத்தைச் சோதிப்பது எளிது. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின்மேலும் ஒரு நிமிஷம் அழுத்துக. சிறப்பாகச் சிவப்பையும் கருநீலத்தையும் பார்க்க. துணியில் நிறம் ஏறினால் அம்முயற்சியை அன்றே விட்டுவிடுக. 1856-இல் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச்சாயம் கண்டபின், மலிவான புதுச்சாயங்கள் பல கீழ்நாட்டுத் தறிகளுக்கு வந்தன. அவற்றுள் தொடக்க காலத்தன பல நீரில் ஓடுபவை. பழங்கம்பளமாயின் பழைய நல்ல சாயமே என்று நம்பிவிடலாகாது.

சித்திரை வைகாசியே கழுவுதற்கு ஏற்ற பருவம். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தொடங்குவது கம்பளத்தைக் காளானுக்குக் கொடுப்பதாகும். மணல் முழுவதும் நீங்கிய பின்னர், சரிவுள்ள தூய சிமெண்டுத் தளத்தில் விரித்துக் குளிர்ந்த நீரை விடுக. கோடையில் மாடித்தொட்டி நீர் உடம்பு பொறாத சூடாய் இருக்கும். அதனை நேரே குழாயிலிருந்து விடுதல் கூடாது. விடியற்காலையிற் பிடித்து வைத்த நீரே ஏற்றது. கம்பளிக்கென்றே விற்கும் மென்மையான திரவச் சோப்பினும், பூவந்திக் கொட்டையை ஊறவைத்துக் கரைத்த நுரைநீரினும் ஒன்றைக் கொள்க. பூவந்தி நீர் சற்றுப் பழுப்பாதலின் வெண்கம்பளத்துக்கு வேண்டா. மெல்லிய தூரிகையால் மயிரின் போக்கிலேயே நீவி, நீர் தெளிவாய் வடியும்வரை அலசுக. கடைசி அலசுநீரிற் சிறிது காடி கலந்தால் எஞ்சிய காரம் ஒழியும். ஈராக்கிய பாரசீகப் பெரியோர் என்று சிலர் தவறாக ஒன்றாக்கிப் பேசுவர். நாம் சொல்லுவது பாரசீகத்து ரே நகரத்தை. அங்கே சஷ்மே அலி என்னும் ஊற்றில் மக்கள் கம்பளங்களைக் கழுவி, பக்கத்துப் பாறைகளின்மேல் விரித்து உலர்த்தி வந்தனர். ஓடும் நீரும், சூடேறிய பாறையும், வறண்ட காற்றும் அவர்களுக்கு வாய்த்தன. நமக்கோ கடற்காற்று, ஆகவே உலர்த்துவதிலேதான் நம் கவலை முழுவதும் இருத்தல் வேண்டும்.

கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உள்ளடக்கியும், தொட்டால் உலர்ந்தது போலவே தோன்றும். அதன் அடியிலுள்ள பருத்திப் பாவோ ஈரத்தைப் பற்றிக்கொண்டு புழுங்கி இற்றுப்போம். இற்ற கம்பளத்தை மடித்தால் காய்ந்த சருகு முறிவது போன்ற ஓசை கேட்கும், அதற்குப்பின் மருந்தில்லை. ஆதலால் நீரை மழுங்கிய மரப்பலகையால் மயிரின் போக்கில் வழித்தெடுத்து, கயிற்றுக்கட்டிலின்மேல் விரித்து, மேலும் கீழும் காற்று ஓடுமாறு நிழலில் வைத்து, இடையிடையே புரட்டுக. கொடியிற் போட்டால் நனைந்த கம்பளத்தின் பாரம் பாவுநூலை இழுத்து வடிவத்தைக் கோணலாக்கும். நாம் அறிந்த ஓர் இல்லத்தில் அவ்வாறு இரண்டு நாட் கொடியில் தொங்கிய கம்பளம் இன்றுவரை தரையிற் படியாமல் நடுவில் அலை எழுந்தே கிடக்கின்றது.

பூச்சிகளுட் கம்பளிப்பூச்சி எனும் பெயரால் நாம் வழங்கும் முருங்கைமரத்துப் புழுவுக்கும் கம்பளத்துக்கும் யாதொரு தொடர்புமில்லை. கம்பளத்தைத் தின்பது பொன்னிறமான சிறு அந்துப்பூச்சியின் புழு. பறக்கும் அந்து ஒன்றையும் தின்பதில்லை. அதற்கு உண்ணும் வாயே இல்லை. இருளிலே முட்டையிடுவதே அதன் வேலை. வெளிவரும் புழுவே மயிரைத் தின்று வளர்கின்றது. சுவரிலே சிமெண்டு நிறத்திற் சப்பையான சிறு கூட்டைச் சுமந்துகொண்டு ஊரும் புழுவை நம் வீடுகளில் யாவரும் கண்டிருப்பர். அதுவும் ஒட்டடையோடு கம்பளியையும் தின்னும் இனமே. இவையெல்லாம் ஒளியையும் அசைவையும் வெறுப்பன. நடமாட்டமுள்ள கூடத்தின் நடுவை விட்டு, சோபாவின் அடியிலும் பீரோவின் பின்புறத்திலுமே அவை குடிகொள்ளும். மாதம் ஒருமுறை அவ்விடங்களைத் தூக்கிப் பார்த்துப் பெருக்குவதற்கு ஈடான மருந்து வேறில்லை. பூச்சி கண்ட சிறு கம்பளத்தைப் பாலிதீன் உறையில் இறுகக் கட்டி, சுழியத்துக்குக் கீழ் 18 டிகிரி ஸென்டிகிரேட் குளிருள்ள உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் ஒழியும். வேப்பிலையும் புகையிலையும் இடுதல் நம் வழக்கம். அவை சிறிது விலக்கும், கொல்லா. நாப்தலீன் உருண்டையைப் பற்றி எச்சரிக்க வேண்டியது நம் கடமை. பிறவியிலேயே குருதியில் ஒருவகை நொதிக்குறையுள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே சிவப்பணுக்களைச் சிதைத்து உயிருக்கு ஊறு விளைக்கக்கூடும். குறையுண்டென்பதைப் பெற்றோர் முன்னறிவதும் அரிது. ஆகவே குழந்தை தவழும் வீட்டிலும், குழந்தையைச் சுற்றும் துணியிருக்கும் பெட்டியிலும் அதனை வைத்தலாகாது.

நெடுநாள் எடுத்துவைக்க நேர்ந்தால், துப்புரவாக்கி, வெயிற்பட்ட காற்றில் ஒருநாள் ஆறவிட்டு, உருளையான குழலொன்றின்மேல் மயிர் சாயும் போக்கிற் சுற்றுக. மடித்தால் மடிப்பில் நூல் முறியும். சுற்றியதைத் துவைத்துக் காய்ந்த பழைய வேட்டியிற் பொதிந்து கட்டுக. பாலிதீனில் நெடுநாட் கட்டிவைத்தால் உள்ளே வியர்த்துப் பூஞ்சு பிடிக்கும். தரையினின்றும் ஓரடி உயரத்திற் கிடைமட்டமாக வைத்து, மூன்று மாதத்துக்கொருமுறை அவிழ்த்துப் பார்த்து, மீண்டும் சுற்றி வைக்க.